திருவிழாக்கு நடுவுல போகாதீங்க, ஓரமா போங்க: சென்னைல குழந்தைங்கள வெளிய கூட்டிட்டு போறது எப்படி

மூணு வருஷம் முன்னாடி பங்குனி மாசம், கபாலீஸ்வரர் கோயில் அறுபத்து மூவர் ஊர்வலம் அன்னிக்கு சாயங்காலம், மயிலாப்பூர் வடக்கு மாட வீதில என் பையன தொலைச்சேன். பத்து நிமிஷம்தான், ஆனா இப்ப நெனச்சாலும் அடிவயிறு கலங்குது. அவனுக்கு அப்ப நாலு வயசு. ஒரு கைல அவன், இன்னொரு கைல யாரோ குடுத்த நீர்மோர் டம்ளர், தோள்ல பை, முன்னாடி பொண்ணு நடக்கறா, பல்லக்கு வருது பல்லக்கு வருதுன்னு பின்னாலேந்து ஒரு தள்ளு, திரும்பி பாத்தா கைல டம்ளர் மட்டும் இருக்கு. கடைசில ஒரு பலூன்காரர் பக்கத்துல நின்னுட்டு இருந்தான். அழக்கூட இல்ல, எந்த கலர் வாங்கலாம்னு யோசிச்சுட்டு இருந்தான். தப்பு முழுக்க என்னோடதுதான், லட்சக்கணக்குல ஜனம் வர்ற நாள்ல நாலு வயசு புள்ளய ஒத்த கைல புடிச்சுட்டு போனா வேற என்ன ஆகும்.

அதுக்கப்புறம் எங்க வீட்டுல ஒரு ரூல். திருவிழாவோட பெரிய நாளுக்கு போறதில்ல, அதோட ஓரத்துக்கு போவோம். அதுக்கு மொத நாள், அதிகாலை, கடை போடற நேரம், மதிய நேரம், இந்த மாதிரி. பெரியவங்களுக்கு அந்த உச்சகட்டம் வேணும், குழந்தைங்களுக்கு அது வேணாம், அதுங்க உயரத்துக்கு அங்க தெரியறது எல்லாம் அடுத்தவங்க இடுப்பும் வேட்டியும்தான். ஓரத்துல நின்னாதான் அதுங்களுக்கு ஏதாவது தெரியும். கீழ சொல்றது எல்லாம் இந்த ஒரு விஷயத்த வெச்சு நாங்க வருஷம் பூரா எப்படி போறோம்ங்கறதுதான்.

பங்குனிலேந்தே ஆரம்பிக்கறேன். கபாலீஸ்வரர் கோயில் பங்குனி உற்சவம் பத்து நாள். எல்லாருக்கும் தெரிஞ்சது ஏழாம் நாள் தேரும் எட்டாம் நாள் அறுபத்து மூவரும். குழந்தைங்களோட போறவங்களுக்கு நான் சொல்றது மூணாம் நாள் காலை அதிகார நந்தி. விடிகாலைல சாமி நந்தி மேல வெளிய வரும், நந்தின்னா நாம வழக்கமா பாக்கற மாடு மாதிரி உக்காந்திருக்காது, மனுஷ உடம்பு, காளை முகம், வெள்ளில பளபளன்னு. கோபுர வாசல்ல அத நிறுத்தி தீபாராதனை காட்டும்போது நாதஸ்வரமும் தவிலும் சேந்து எழும்பும் பாருங்க, தூக்கக் கலக்கத்துல வந்த புள்ளைங்க அப்ப முழிச்சுக்கும். கூட்டம் இருக்கும்தான், ஆனா குழந்தைய தோள்ல தூக்கி வெச்சா சாமி முழுசா தெரியற அளவு கூட்டம். அன்னிக்கு ராத்திரி பூத வாகனம், கோரப்பல்லோட பெருசா முழிச்சு பாக்கும், என் பொண்ணு ஒரு வாரம் அதையே வரைஞ்சா. பயந்த சுபாவம் உள்ள குழந்தைன்னா ராத்திரி வேணாம், காலையே போதும்.

அஞ்சு மணிக்கு எழுப்பறது கஷ்டம்னு தெரியும். மொத நாள் ராத்திரியே வெளிய போற டிரஸ்ஸ போட்டு தூங்க வெச்சுடுங்க, நான் அப்படித்தான் பண்றேன், மாமியார் திட்டுவாங்க, பரவால்ல. ஏழு ஏழரைக்கு எல்லாம் முடிஞ்சுடும், பக்கத்துல ஏதாவது ஒரு ஹோட்டல்ல போய் உக்காந்து பொங்கல் வடை. இது வெறும் டிபனுக்காக சொல்லல, டாய்லெட்டுக்காக சொல்றேன். எந்த திருவிழாவுக்கு போனாலும் பாத்ரூம் எங்கன்னு தெரியாம போகாதீங்க. உக்காந்து சாப்பிடற ஹோட்டல்தான் நம்ம ஊர்ல குடும்பத்தோட வர்றவங்களுக்கு இருக்கற ஒரே நம்பகமான பாத்ரூம்.

தேர் பாக்கணும்னு அடம் புடிச்சா, ஓடற நாளுக்கு மொத நாள் சாயங்காலம் போங்க. தேர் அலங்காரம் பண்ணி நிலைல நிக்கும். சக்கரத்த கிட்ட போய் தொட்டு பாக்கலாம், வடம் எவ்வளவு தடிமன்னு ரெண்டு கையாலயும் புடிச்சு பாக்கலாம். மறுநாள் அதே வடத்துகிட்ட புள்ளைய கூட்டிட்டு போகவே முடியாது, போகவும் கூடாது.

கார் எடுத்துட்டு போறது சுத்த வேஸ்ட், உற்சவத்தப்ப மாட வீதில வண்டி விடமாட்டாங்க, லஸ் பக்கம் மெட்ரோ வேலைக்கு தடுப்பு வெச்சதுலேந்து இன்னும் மோசம். பறக்கும் ரயில்ல திருமயிலைல எறங்கி நடந்துடுங்க. பசங்களுக்கு அந்த ரயிலே பாதி திருவிழா, மொட்டை மாடி எல்லாம் மேலேந்து பாத்துட்டே வரலாம்.

அடுத்து மார்கழி. சென்னைல இருந்துட்டு மார்கழி கச்சேரிக்கு புள்ளைங்கள கூட்டிட்டு போகாதவங்க நிறைய பேர் இருக்காங்க, காரணம் கேட்டா அதுங்க உக்காராது, சத்தம் போடும், பக்கத்து சீட்டு மாமா மொறைப்பாருன்னு சொல்வாங்க. நெஜம்தான், மொறைப்பாங்க. அதனால சாயங்கால மெயின் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கி போகாதீங்க. பெரும்பாலான சபால மதியக் கச்சேரி இலவசம், இளம் பாடகர்கள் பாடுவாங்க, ஹால்ல பாதி சீட்டு காலி, யார் வேணா எப்ப வேணா எழுந்து போகலாம். அரைப் பரீட்சை லீவும் டிசம்பர் கடைசிலதான் வருது, வேற என்ன வேணும்.

ஆனா எப்படி உக்கார வெக்கறதுன்னு ஒரு டெக்னிக் இருக்கு. கச்சேரி ஆரம்பிக்கறதுக்கு பதினஞ்சு நிமிஷம் முன்னாடி போய் முன் வரிசைக்கு பக்கத்துல ஓரமா உக்காருங்க. மேடைல என்ன நடக்குதுன்னு மட்டும் பாக்க சொல்லுங்க. மொத தடவ போனப்ப மிருதங்கம் வாசிக்கறவர் ஒரு சின்ன டப்பாவ தொறந்து வெள்ளையா எதையோ பிசைஞ்சு மிருதங்கத்தோட இடது பக்கத்துல வட்டமா அப்பினாரு, என் பொண்ணு சத்தமா கேக்கறா, "அம்மா, அந்த அங்கிள் ஏன் உப்புமாவ அதுல ஒட்டறாரு?" மேடைலயே ஒருத்தர் சிரிச்சுட்டாரு. உப்புமா இல்ல, ஆனா ரொம்ப தூரமும் இல்ல, அது ரவைதான். தண்ணி விட்டு பிசைஞ்ச ரவைய ஒட்டினாதான் அந்த பக்கம் அடித்தொண்டைலேந்து வர்ற மாதிரி சத்தம் குடுக்கும், கச்சேரி முடிஞ்சதும் சுரண்டி எடுத்துடுவாங்க. வலது பக்கம் இருக்கற கருப்பு வட்டம் நிரந்தரமா இருக்கறது. இத பாத்ததுலேந்து அவ ஒவ்வொரு கச்சேரிலயும் ரவை எப்ப வரும்னு காத்துட்டு இருப்பா.

அப்புறம் தனி ஆவர்த்தனம். மெயின் பாட்டுக்கு அப்புறம் பாடறவர் நிறுத்திட்டு மிருதங்கத்தையும் கடத்தையும் வாசிக்க விடுவாரு இல்ல, அப்பதான் பெரியவங்க பாதி பேர் எழுந்து கேன்டீனுக்கு போவாங்க. குழந்தைங்களுக்கு உல்டா, வார்த்தை இல்லாம ராகத்த இழுத்து பாடற ஆலாபனைல நெளியும், தனில நிமிரும். வாய்ல வெச்சு மீட்டற மோர்சிங் இருந்தா லாட்டரி அடிச்ச மாதிரி. அதனால ஆரம்பத்துல ரெண்டு பாட்டு கேட்டுட்டு வெளிய கூட்டிட்டு வந்து கேன்டீன்ல ஏதாவது வாங்கி குடுத்துட்டு, மறுபடி தனிக்கு கூட்டிட்டு உள்ள போங்க. பாட்டு நடுவுல கதவ தொறக்காதீங்க, ஒரு பாட்டு முடிஞ்சு கைதட்டும்போது போகணும், இந்த மரியாதைய புள்ளைங்க அங்கதான் கத்துக்கும்.

கேன்டீன் பத்தி தனியா எழுதலாம், எழுதல. சாப்பாட்டு நேரத்துக்கு அரை மணி முன்னாடியே போங்க, இல்லன்னா க்யூல நிக்கறது கச்சேரிய விட நீளமா இருக்கும்.

மார்கழில இன்னொன்னு, காசே இல்லாதது. விடிகாலைல மயிலாப்பூர் மாட வீதில பஜனை கோஷ்டி பாடிட்டே சுத்தி வரும், பாபநாசம் சிவன் காலத்துலேந்து நடக்கறது, அவரே முன்னாடி நின்னு பாடிட்டு போனவர்தான். அதோட பின்னாடி பத்து நிமிஷம் நடந்துட்டு, அப்படியே சந்து சந்தா கோலம் பாத்துட்டு வாங்க. எத்தன புள்ளி கோலம்னு எண்ண சொன்னா புள்ளைங்க நடக்கறதே தெரியாம நடக்கும்.

ஜனவரில புத்தகக் காட்சி. 1977லேந்து பபாசின்னு புத்தக பதிப்பாளர், விற்பனையாளர் சங்கம் நடத்தறாங்க, சமீப வருஷங்கள்ல நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்துல. ஞாயித்துக்கிழமையும் பொங்கல் லீவும் மட்டும் வேணாம், ஸ்டால் முன்னாடி நிக்கவே முடியாது, புள்ள அட்டைய தொடறதுக்குள்ள யாராவது தள்ளிடுவாங்க. வேலை நாள்ல மதியம் தொறப்பாங்க, அப்பவே போயிடுங்க, ஸ்கூல்லேந்து ஒரு நாள் அரை லீவு எடுத்தாலும் தப்பில்லன்னு நான் நெனைக்கறேன். எல்லா ஸ்டால்லயும் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு. எங்க வீட்டுல ஆளுக்கு இவ்ளோ ரூபான்னு கைல குடுத்துடுவோம், அதுக்குள்ள என்ன வேணா வாங்கலாம், நாங்க வாய தொறக்கக் கூடாது. மொத வருஷம் பையன் மொத்த காசுக்கும் ஸ்டிக்கர் புக் வாங்கிட்டு வந்தான், பல்ல கடிச்சுட்டு இருந்தேன். ரெண்டாவது வருஷம் பொண்ணு மூணு புத்தகத்துக்கு நடுவுல அரை மணி நேரம் தரைல உக்காந்து பக்கம் பொரட்டி பொரட்டி ஒண்ண தேர்ந்தெடுத்தா. காசு அதுங்களோடதா இருக்கும்போதுதான் அது நடக்கும். வெளிய வந்தா டெல்லி அப்பளம், மொளகா பஜ்ஜி, அதுக்கு தனி பட்ஜெட் போட்டுக்கோங்க.

காணும் பொங்கல் அன்னிக்கு மெரினா போகாதீங்க. போலீஸ் குழந்தைங்க கைல அப்பா அம்மா நம்பர் எழுதின அட்டைய கட்டி விடறாங்கன்னா அங்க எவ்ளோ பேர் தொலையறாங்கன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. அன்னிக்கு கடல்ல எறங்கவும் விடமாட்டாங்க, அப்ப எதுக்கு. பொங்கலை ஒட்டி அரசாங்கம் சென்னை சங்கமம் நடத்தறாங்க இல்ல, பார்க்லயும் மைதானத்துலயும் பறை, கரகம், பொய்க்கால் குதிரை, மல்லர் கம்பம் எல்லாம் இலவசமா நடக்கும். அதுக்கு போங்க, ஆனா அதுலயும் ஓரம்தான், பெரிய மேடை இருக்கற இடத்த விட்டுட்டு உங்க வீட்டு பக்கத்துல இருக்கற சின்ன பார்க்க பாருங்க. கொஞ்சம் முன்னாடியே போனா கலைஞர்கள் மேக்கப் போட்டுட்டு, பறைய நெருப்புல காட்டி காய வெச்சுட்டு இருப்பாங்க. ஏன் நெருப்புல காட்டறீங்கன்னு பையன் கேட்டதுக்கு ஒரு அண்ணன் ஒரு தடவ காய வெக்காம தட்டி காட்டினாரு, ஒரு தடவ காய வெச்சு தட்டி காட்டினாரு. தோல் இறுகினாதான் கணீர்னு வரும். இத எந்த ஸ்கூல்ல சொல்லி குடுப்பாங்க.

ஜனவரிலேந்து மார்ச் வரைக்கும் ஆமை முட்டை போடற சீசன், பங்குனி ஆமைன்னு சொல்ற ஆலிவ் ரிட்லி. முட்டை தேடி ராத்திரி பூரா கடற்கரைல நடக்கற ஆமை நடை 1988லேந்து மாணவர்கள் நடத்தறாங்க, நீலாங்கரைலேந்து பெசன்ட் நகர் வரைக்கும் ஏழு கிலோமீட்டர் மணல்ல. சின்னதுங்களுக்கு அது ஆகாது. ஆனா அந்த முட்டைய எடுத்து பாதுகாப்பா பொதைச்சு வெச்சு, ஒன்றரை மாசம் கழிச்சு குஞ்சு வந்ததும் சாயங்கால நேரத்துல பெசன்ட் நகர் பீச்சுல கடல்ல விடுவாங்க, அதுதான் நமக்கு. உள்ளங்கைய விட சின்னதா தவழ்ந்து தவழ்ந்து போகும். தொடக்கூடாது, போன் லைட் அடிக்கவே கூடாது, ஏன்னா அதுங்க வெளிச்சம் இருக்கற பக்கம்தான் போகும், நம்ம டார்ச்ச கடல்னு நெனச்சு ரோட்டுக்கு வந்துடும். எந்த நாள் குஞ்சு வரும்னு யாராலயும் உறுதியா சொல்ல முடியாது, அதனால ஆமைக்குன்னு கெளம்பாதீங்க, பீச்சுக்குன்னு கெளம்புங்க, ஆமை வந்தா போனஸ்.

வெயில் காலத்துல காலை பத்துக்கு மேல சாயங்காலம் நாலரை வரைக்கும் வெளிய தலை காட்டாதீங்க. கோயில் பிரகாரத்துல கல்லு சுடும், புள்ளைங்களுக்கு பழைய சாக்ஸ் ஒண்ணு பைல இருக்கட்டும். அந்த மாசங்களுக்கு எழும்பூர் மியூசியம்தான். 1851ல ஆரம்பிச்சது, ஆறு கட்டடம், வெள்ளிக்கிழமை லீவு, இத மறந்துட்டு போய் கேட்டுல நின்னிருக்கோம். எல்லாத்தையும் பாக்கறேன்னு கெளம்பினா ஒரு மணி நேரத்துல புள்ளையும் நீங்களும் சண்டை போட்டுட்டு வெளிய வருவீங்க. ஒரு தடவைக்கு ஒரு இடம். மொத தடவ திமிங்கல எலும்புக்கூடு, அடுத்த தடவ வெண்கலக் காட்சிக்கூடம்.

வெண்கலத்துக்கு போகும்போது புள்ளைங்களுக்கு ஒரு வேலை குடுங்க. திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர் முன்னாடி நிறுத்தி, எத்தன கைன்னு எண்ண சொல்லுங்க. ரெண்டும்பாங்க, நாலும்பாங்க. மூணு. சிவன் பக்கம் ரெண்டு, அம்மன் பக்கம் ஒண்ணு. ஏன் அப்படின்னு அதுங்களே கேக்கும், அப்ப ரெண்டு பக்கத்தையும் தனித்தனியா பாக்க சொல்லுங்க, இடுப்பு எப்படி வளைஞ்சிருக்கு, துணி எந்த பக்கம் நீளமா இருக்கு, காதுல என்ன இருக்குன்னு. என் பையன் ஒரு கைய வெச்சு பாதிய மறைச்சு மறைச்சு பாத்தான், ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி சிலைய வடிச்சவர் இத பாத்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு. அப்புறம் திருவாலங்காட்டு நடராஜர், காலுக்கு கீழ மிதிபடற குள்ள அசுரன் முயலகன் என்ன பண்றான்னு பாக்க குனிஞ்சுடுவாங்க. அவ்ளோதான், வெளிய வந்து ஐஸ்கிரீம்.

ஆகஸ்ட் 22 சென்னை தினம், 1639ல கிழக்கிந்திய கம்பெனிக்காரங்க இந்த ஊருக்கு நிலம் வாங்கின நாள்னு கணக்கு. அத ஒட்டி ஊர் பூரா ஹெரிடேஜ் வாக் நடக்கும், பத்து வயசுக்கு கீழ இருக்கறதுங்களுக்கு போர் அடிக்கும், நேர்மையா சொல்றேன். ஆகஸ்ட் 29 பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயில்ல கொடியேத்தம், செப்டம்பர் 8 வரைக்கும். கொடியேத்தத்துக்கும் கடைசி ரெண்டு நாளுக்கும் காவி உடுத்தி நடந்து வர்றவங்க கூட்டம் ரோட்டையே அடைச்சுடும், நடுவுல ஒரு வேலை நாள் சாயங்காலம் போனா கோயிலும் பாக்கலாம் கடையும் சுத்தலாம் பீச்சும் அங்கயே இருக்கு.

பிள்ளையார் சதுர்த்திக்கு பண்டிகை நாள விட மொத நாள் மார்க்கெட்தான் பெஸ்ட். களிமண்ண அச்சுல அமுக்கி, டப்புன்னு தட்டினா ஒரு பிள்ளையார் வருவாரு, அப்புறம் ரெண்டு குன்றிமணி ஒட்டி கண்ணு வெப்பாங்க. கண்ணு வெச்ச நொடில மண்ணு சாமி ஆயிடும், என் பொண்ணு அதுக்காகவே பத்து பிள்ளையாருக்கு கண்ணு வெக்கற வரைக்கும் நகரமாட்டா. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, குன்றிமணி விஷம். செவப்பும் கருப்புமா மிட்டாய் மாதிரி இருக்கும், உதிர்ந்து கீழ கெடக்கறத சின்னதுங்க வாய்ல போட்டுடாம பாருங்க. வீட்டுக்கு வந்தப்புறமும்.

நவராத்திரிக்கும் அதே கதை. கொலு ஆரம்பிக்கறதுக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடியே வடக்கு மாட வீதில பொம்மை கடை போட்டுடுவாங்க, காஞ்சிபுரம், பண்ருட்டின்னு எங்கெங்கேந்தோ வரும். மதியம் ரெண்டு மணி வாக்குல போனா கடைக்காரங்களுக்கும் பேச நேரம் இருக்கும். காகிதக்கூழ் பொம்மைக்கும் களிமண் பொம்மைக்கும் வித்தியாசம் தூக்கி பாத்தாலே தெரியும், கேட்டுட்டு தூக்க சொல்லுங்க, ஒடைஞ்சா நம்ம தலைல. வருஷத்துக்கு ஆளுக்கு ஒரு பொம்மை அவங்களே தேர்ந்தெடுக்கலாம். அதனால எங்க கொலுல தசாவதாரத்துக்கு பக்கத்துல ஒரு கிரிக்கெட் டீமும் நிக்குது. கொலுவுக்கு நாலு வீடு போறதுன்னா ஒரு நாளைக்கு ரெண்டு வீடு போதும், மூணாவது வீட்டுல சுண்டல் சாப்பிட மாட்டாங்க, பாட வேற சொல்வாங்க, புள்ள முகத்த பாக்க பாவமா இருக்கும்.

ஊருக்கு வெளிய போகணும்னா முட்டுக்காடு தட்சிணசித்ரா, செவ்வாய்க்கிழமை லீவு. தென்னிந்தியாவோட பழைய வீடுகள அங்கங்கேந்து பிரிச்சு எடுத்துட்டு வந்து அப்படியே கட்டி வெச்சிருக்காங்க, 1996லேந்து இருக்கு. திண்ணைல உக்காரலாம், முத்தத்துல ஓடலாம், யாரும் தொடாதேன்னு கத்தமாட்டாங்க, குயவர் சக்கரத்துல கைய வெக்க விடுவாங்க. காலைல தொறந்ததும் போனா வெயிலுக்கு முன்னாடி பாதி பாத்துடலாம். மாத்து டிரஸ் எடுத்துட்டு போங்க, களிமண்ணு எங்கல்லாம் போகும்னு சொல்ல முடியாது.

ஐப்பசி கார்த்திகைல பிளானே போடாதீங்க, மழை பாத்துக்கும்.

கடைசியா பை. தண்ணி, ஒரு டவல், மாத்து டிராயர், பிஸ்கட் இல்ல முறுக்கு, சில்லறை. பேனால கைல போன் நம்பர் எழுதினா வேர்வைல அழிஞ்சுடும், ஒரு துண்டு சீட்டுல எழுதி பிளாஸ்டிக் கவர்ல போட்டு பாக்கெட்ல வெச்சு ஊக்கு குத்திடுங்க. பளிச்சுனு ஒரே கலர் டிரஸ், எங்க வீட்டுல ஆரஞ்சு. தொலைஞ்சா எங்க நிக்கணும்னு போனதும் ஒரு இடத்த காட்டி குடுங்க, நகராத இடமா இருக்கணும். பலூன்காரர்னு சொல்லிடாதீங்க, அவர் நடந்துட்டே இருப்பாரு.